பேசிக்கொள்ளும் இடத்தை எடுத்துவிட்டுப் புதுசாக்கிய தளம்: கோபி அண்ணாவின் கேள்விக்கு விரிவான பதில்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் தென்னையும் மஞ்சளும் வைத்திருக்கும் ஒரு அண்ணா கேட்டது இது: "பல வருஷமாக நாங்கள் பயன்படுத்திவந்த விவசாயத் தளத்தைப் போன மாதம் புதுசாக்கிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்த பகுதியைக் காணோம், பழைய பதில்களையும் காணோம். ஒருத்தருக்கொருத்தர் செய்தி அனுப்பும் வசதியும் போய்விட்டது. திட்டி எழுதாத ஆள் இல்லை. ஏன் இப்படிச் செய்கிறார்கள்? சத்தம் போட்டால் திரும்பி வருமா? வராது என்றால் நாங்கள் என்ன செய்யட்டும்?"

அண்ணா, உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் அவசரம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பழைய கேள்வி பதில்களைக் காப்பாற்றும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். ஒரு பகுதி கண்ணில் படவில்லை என்பதால் அது அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. புது வடிவம் வரும்போது பெரும்பாலும் அந்தப் பகுதிக்குப் போகும் வழியைத்தான் முதலில் அடைப்பார்கள். எழுதியதெல்லாம் உள்ளே பழைய சர்வரில், அதாவது தளத்தைச் சேமித்து வைத்திருக்கும் கணினியில், கொஞ்ச காலம் கிடக்கும். பிறகு ஒருநாள், யாரும் பார்க்காத சர்வருக்கு எதற்கு வாடகை என்று கணக்குப் பிரிவில் கேட்பார்கள். உண்மையில் போவது அன்றைக்குத்தான்.

நான் கோவையில் தளங்களும் செயலிகளும் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். எந்தப் பகுதியை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்யும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என்ன பேசுவார்கள் என்று தெரிந்தால் நீங்கள் எப்படிக் கேட்க வேண்டும் என்பதும் புரியும்.

நீங்கள் அனுப்பிய திட்டுகளைப் படித்தேன். பச்சை நிறம் பிடிக்கவில்லை, எழுத்து பொடியாக இருக்கிறது, விலை நிலவரம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, கேள்விப் பகுதி எங்கே போச்சு என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்திருக்கிறது. இதில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. நிறமும் பட்டனும் மாறியதால் வரும் கோபம் ஒன்று. எந்தத் தளத்தைத் தொட்டாலும் முதல் சில வாரம் இது வரும். கூட்டத்தில் "ரெண்டு மாசத்துல பழகிடுவாங்க" என்பார்கள், பெரும்பாலும் பழகியும் விடுவோம். 2006 செப்டம்பரில், நண்பர்கள் செய்வதையெல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டும் நியூஸ் ஃபீடை ஃபேஸ்புக் கொண்டுவந்தபோது லட்சக்கணக்கான மாணவர்கள் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார்கள். மார்க் சக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார், யார் எதைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதிகளைச் சேர்த்தார், ஆனால் நியூஸ் ஃபீடை எடுக்கவில்லை. இன்று அது இல்லாத ஃபேஸ்புக்கை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. எதிர்ப்பு வந்தால் எல்லா நிறுவனமும் இந்தக் கதையைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறது.

மற்றது இழப்பு. கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தார், இப்போது இல்லை. ரெண்டு மாசம் இல்லை, ரெண்டு வருஷம் ஆனாலும் இது பழகிப்போகாது. பிரச்சினை என்னவென்றால் இரண்டும் ஒரே குரலில் போய்ச் சேர்கிறது, அங்கே இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். அதனால் என் முதல் வேண்டுகோள், நிறத்தையும் எழுத்தையும் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதாதீர்கள். போனது என்ன என்பதை மட்டும் எழுதுங்கள்.

சரி, ஏன் எடுத்தார்கள்? பெரிய காரணம் ஒரு கணக்கு. ஜேக்கப் நீல்சன் என்ற வடிவமைப்பு ஆய்வாளர் 2006இல் எழுதியது எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம்: இப்படிப்பட்ட இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், மீதி ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுவார். இந்தக் கணக்கைக் கூட்டத்தில் திரையில் போட்டால் என்ன ஆகும்? "ஒரு சதவீதம் பேர் பயன்படுத்தும் வசதிக்கா இவ்வளவு செலவு" என்று யாராவது கேட்பார்கள். தப்பு அங்கேதான் நடக்கிறது. அந்தத் தொண்ணூறு பேரும் அந்த ஒருவர் எழுதியதைப் படிக்கத்தானே வந்தார்கள்? ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு வருகிற எல்லோருமா மாடு பிடித்துக்கொண்டு போகிறார்கள்? விலை என்ன போகிறது, எந்த மாட்டுக்குக் கிராக்கி என்று காதில் வாங்கிக்கொண்டு போக வருகிறவர்கள் எத்தனை பேர். கைமாறிய மாட்டை மட்டும் எண்ணி, மற்றவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று முடிவு கட்டினால், கொஞ்ச நாளில் விற்கிறவரும் வரமாட்டார்.

இன்னொரு காரணம் ஆள் செலவு, இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. திறந்த இடம் என்றால் போலி விதை விற்கிறவன் வருவான், கடன் செயலி விளம்பரம் வரும், தேர்தல் நேரத்தில் சாதிச் சண்டை வரும். ராத்திரி பத்து மணிக்கு யாரோ ஒரு பெண்ணின் போன் நம்பரைப் போட்டுவிட்டால் அதை அந்த நேரத்திலேயே எடுக்க ஓர் ஆள் வேண்டும். 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, மற்றவர்கள் எழுதுவதை வெளியிடும் தளங்கள் குறைதீர் அலுவலரை வைத்து, புகாருக்குக் கெடுவுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கட்டுரையும் விலைப் பட்டியலும் மட்டும் போடுகிற தளத்துக்கு இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை இல்லை. நாலைந்து பேர் வேலை செய்கிற ஒரு சின்ன நிறுவனம் இதைப் பார்த்துப் பயந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் புதிதாக எழுத விடுவதற்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே எழுதியதைப் படிக்க மட்டும் விட்டுவைக்க இவ்வளவு செலவும் இல்லை, இவ்வளவு ஆளும் வேண்டாம். இரண்டு உதாரணம் சொல்கிறேன். ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தை கூகுள் மூடியது 2014 செப்டம்பர் 30 அன்று. நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு முதல் இணைய நட்பு அங்கேதான். மூடப்போகிறோம் என்று மூன்று மாதம் முன்பே சொன்னார்கள், மூடிய பிறகும் பொதுக் குழுக்களின் பேச்சைக் கொஞ்ச காலம் படிக்க விட்டுவைத்தார்கள். சினிமாத் தகவல் தளமான ஐஎம்டிபி 2017 பிப்ரவரியில் சினிமா ரசிகர்களின் விவாதப் பகுதியை எடுத்தபோது கொடுத்த அவகாசம் மூன்று வாரம்கூட இல்லை. அதற்குள் வெளியில் இருந்த சிலர் ஓடி ஓடிப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்ததால்தான் ஒரு பகுதியாவது மிஞ்சியது. புதிய பதிவுகளை நிறுத்துவதை நான் புரிந்துகொள்வேன். பழையதை ஒளித்து வைப்பதற்கு ஒரு நல்ல காரணத்தை நான் இதுவரை எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை.

போனது என்ன என்று நிறுவனத்துக்குப் புரியவைக்க, நீங்கள் முன்பு எனக்கு அனுப்பிவைத்திருந்த ஒரு பக்கமே போதும். தென்னையில் சுருள் வெள்ளை ஈ பற்றியது. இந்தப் பூச்சி நம் நாட்டில் முதலில் கண்ணில் பட்டதே 2016இல், பொள்ளாச்சிப் பக்கம். ஓலையின் அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக முட்டை இடும். அது கசியவிடும் தேன் போன்ற திரவம் கீழ் ஓலைகளில் விழுந்து, அதன்மேல் கரும்பூஞ்சாணம் படர்ந்து தோப்பே கரி பூசினது மாதிரி ஆகிவிடும். புதிய தளத்தில் இதற்கு ஒரு கட்டுரை இருக்கிறது. மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா போட்டுக் கஞ்சியாக்கிக் கருப்பு படிந்த ஓலையில் தெளியுங்கள் என்கிறது. எல்லாம் வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற வழிதான், தப்பில்லை.

பழைய பக்கத்தில் இதற்குமேல் இருந்ததைப் பாருங்கள். ஆனைமலைக்காரர் ஒருவர், பயந்துபோய்ப் பூச்சிக்கொல்லி அடித்துவிட்டேன், அடுத்த மாதம் ஈ இன்னும் அதிகமாகிவிட்டது, ஏன் என்று கேட்கிறார். உடுமலைக்காரர் பதில் எழுதுகிறார்: ஈயைத் தின்று அழிக்கும் என்கார்சியா என்ற சின்னக் குளவி நம் தோப்பிலேயே தானாகப் பெருகும், மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான், கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். கீழே இன்னொருவர், உயர மரத்துக்கு மைதாக் கஞ்சி எட்டவில்லை, என்ன செய்ய என்று கேட்கிறார். அதற்கு வேறொருவர், விசை பம்பில் வெறும் தண்ணீரை ஓலையின் அடியில் படும்படி அடித்தாலே ஈ குறைகிறது, தன் தோப்பில் பார்த்தேன் என்கிறார். ஆறு மாதம் கழித்து முதலில் கேட்ட ஆனைமலைக்காரரே வந்து, இப்போது ஓலை தெளிந்துவிட்டது என்று போட்டோவோடு எழுதுகிறார்.

கட்டுரையில் இந்தக் கடைசிச் செய்தி இருக்காது அண்ணா. சொன்ன வழி பலித்ததா என்று ஒருவர் திரும்பி வந்து சொல்வது இப்படிப்பட்ட இடத்தில்தான் நடக்கும். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 நம்பருக்குப் போன் செய்தால் தமிழிலேயே பதில் சொல்வார்கள், நல்ல சேவை. ஆனால் அந்தப் பதில் உங்கள் காதோடு நின்றுவிடும். அடுத்த தோட்டத்துக்காரர் அதே கேள்விக்கு மறுபடி முதலில் இருந்து போன் செய்ய வேண்டும். உங்கள் தளத்தில் ஒருவர் கேட்ட கேள்வி, அவரைப் பார்த்தே இராத நூறு பேருக்கு மூன்று வருஷம் கழித்தும் உதவியது. எடுத்துப்போட்டது அதைத்தான்.

எதிர்ப்பு பலிக்குமா என்று கேட்டீர்கள். பெரிய தளங்களில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். 2010 ஆகஸ்டில் டிக் என்ற செய்திப் பகிர்வுத் தளம் முழுக்கப் புதுசானது. பிடிக்காததைக் கீழே தள்ளும் பட்டன் உட்படப் பயனர்கள் கையில் இருந்த பல வசதிகள் போயின. கோபத்தில் அவர்கள் முதல் பக்கத்தைப் போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளாலேயே நிரப்பினார்கள், பிறகு கூட்டமாக அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். இரண்டே வருஷத்தில், 2012இல், டிக் சுமார் 5 லட்சம் டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. ஒரு காலத்தில் அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு விலை பேசப்பட்ட தளம் அது.

உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது கூகுள் ரீடர், பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய சேவை. 2011 அக்டோபர் கடைசியில் அதிலிருந்த பகிரும் வசதி, நண்பர்களைப் பின்தொடர்வது, பகிர்ந்ததற்குக் கீழே பேசிக்கொள்வது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் பக்கம் போகச் சொன்னார்கள். மிகவும் பாதிக்கப்பட்டவர்களில் ஈரான்காரர்களும் உண்டு. தணிக்கை மிகுந்த அந்த நாட்டில் பலர் தடைசெய்யப்பட்ட செய்திகளை அந்த வழியாகத்தான் படித்துப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். எவ்வளவு சத்தம் போட்டும் கூகுள் அசையவில்லை. 2013 ஜூலை 1 அன்று ரீடரையே மூடிவிட்டார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்ட மனுவும் பலிக்கவில்லை. மக்களை எங்கே போகச் சொன்னார்களோ அந்த கூகுள் பிளஸும் பொதுமக்களுக்கு 2019 ஏப்ரலில் மூடியது.

பலித்த இடமும் உண்டு. 2014இல் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் படங்களைக் காட்டும் ஒரு புதிய வசதியைத் தன்னார்வலர்கள் நிறுத்திவைக்கப் பார்த்தபோது, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அவர்களால் தொட முடியாதபடி ஒரு பூட்டைப் போட்டது. எதிர்ப்பு அடங்கவே இல்லை, 2015 நவம்பரில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டார்கள். அங்கே எழுதுகிறவர்கள் கையில் உண்மையான பலம் இருந்தது: எழுதியது எல்லாம் கட்டற்ற உரிமத்தில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் மொத்தத்தையும் எடுத்துப்போய் வேறிடத்தில் வைக்கலாம். ரெடிட்டைப் பயன்படுத்த வெளியாட்கள் செய்த செயலிகளுக்கு நிறுவனம் கட்டணம் போட்டதை எதிர்த்து, அங்கே 2023 ஜூன் 12 முதல் 8,000க்கும் மேற்பட்ட குழுக்கள் கதவைச் சாத்தின. அந்தக் கட்டணத்தை நிறுவனம் திரும்பப் பெறவில்லை. ஆனால் பார்வையற்றவர்கள் பயன்படுத்தும், லாப நோக்கமில்லாத சில செயலிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. யாருக்கு என்ன போகிறது என்று குறிப்பாகக் காட்ட முடிந்த இடத்தில் ஒரு வாசல் திறந்தது, அதைக் கவனியுங்கள்.

உங்கள் தளம் அளவில் இவற்றோடு ஒட்டாது. ஆனாலும் சின்ன நிறுவனத்தில் ஒரு வசதி உண்டு, கடிதத்தைப் படிப்பவரே முடிவு எடுப்பவராகவும் இருப்பார். நூறு பேர் தனித்தனியாகத் திட்டுவதைவிட, பத்துப் பேர் சேர்ந்து எழுதும் ஒரு கடிதம் அவர் மேசைக்குப் போகும். இப்படி எழுதலாம்:

"ஐயா, உங்கள் தளத்தில் நாங்கள் பல ஆண்டுகளாகக் கேள்வி பதில் எழுதிவந்தோம். புதிய பதிவுகளைக் கவனிக்க ஆள் செலவு ஆகும் என்பது எங்களுக்குப் புரிகிறது. எங்கள் முதல் கோரிக்கை, பழைய கேள்வி பதில்களைத் தயவுசெய்து அழிக்க வேண்டாம். இரண்டாவது, படிக்க மட்டுமாவது பழைய முகவரியிலேயே திறந்துவிடுங்கள். அதுவும் முடியாது என்றால், போன் நம்பர் போன்ற சொந்த விவரங்களை நீக்கிவிட்டு மொத்தத்தையும் ஒரு கோப்பாக எங்களிடம் கொடுங்கள், நாங்கள் வைத்துப் பாதுகாக்கிறோம். எங்களுக்கு உதவிய பதினைந்து பக்கங்களின் முகவரியும், ஒவ்வொன்றால் என்ன பயன் கிடைத்தது என்பதும் கீழே உள்ளன. பதிவுகளைக் கண்காணிக்க எங்களில் நான்கு பேர் சம்பளம் இல்லாமல் நேரம் ஒதுக்கத் தயார்."

கேட்கும் வரிசை முக்கியம். எடுத்தவுடன் "பழையபடி ஆக்கு" என்று கேட்டால் முடியாது என்ற ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். "அழிக்காதே" என்று கேட்டால் மறுப்பது கடினம், அதற்கு அவர் செலவு செய்ய வேண்டியதும் அதிகம் இல்லை. சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம், பெரிய பலம் அதில் இல்லை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் சொந்த விவரங்களைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைப் பற்றித்தான் பேசுகிறது. நம் தரவை அப்படியே எடுத்துக்கொண்டு வேறிடம் போகும் உரிமை 2019 மசோதாவில் இருந்தது, கடைசியில் வந்த சட்டத்தில் இல்லை. ஐரோப்பாவில் அந்த உரிமை 2018 மே முதல் இருக்கிறது. இங்கே அதை விட்டுவிட்டது பெரிய குறை என்பது என் கருத்து.

கடிதத்துக்குப் பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்துச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய பக்கத்தின் முகவரியைப் போட்டுப் பாருங்கள். முன்பு எப்போதாவது சேமித்திருந்தால் அப்படியே வரும். உறுப்பினராக உள்ளே நுழைந்தால் மட்டும் தெரிகிற பக்கங்கள் அதில் இருக்காது. கூகுள் தேடலில் முன்பெல்லாம் சேமித்த பிரதி என்று ஒரு இணைப்பு இருக்கும், 2024இல் அதை எடுத்துவிட்டார்கள், அதனால் அதை நம்ப வேண்டாம். பழைய முகவரி நினைவில்லை என்றால் உங்கள் வாட்ஸ்அப்பில் தளத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், மச்சானுக்கோ பங்காளிக்கோ எப்போதாவது இணைப்பை அனுப்பியிருப்பீர்கள். பலரும் மறந்துவிடுவது மின்னஞ்சல். யாராவது பதில் எழுதினால் தளம் உங்களுக்கு மெயில் அனுப்பியிருக்கும், பல தளங்கள் பதிலை முழுசாகவே அதில் வைத்து அனுப்பும். உங்கள் பழைய மெயிலில் பாதிப் பொக்கிஷம் கிடக்கலாம். கிடைத்ததை எல்லாம் பிடிஎஃப் ஆக்கி ஒரே இடத்தில் போடுங்கள். மற்றவர் எழுதியதை மறுபடி வெளியில் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், எழுதியவருக்குத்தான் அதில் உரிமை.

எல்லோரும் இப்போது வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்கலாம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒருவரையொருவர் தொலைத்துவிடாமல் இருக்க உடனே ஆரம்பியுங்கள், தப்பில்லை. ஆனால் அதுவே போதும் என்று நின்றுவிடாதீர்கள். அதில் 1,024 பேருக்கு மேல் சேர முடியாது. இன்றைக்குச் சேருகிறவருக்கு மூன்று வருஷம் முந்தைய பேச்சு கிடைக்காது. வெளியில் இருந்து தேடுகிறவர் கண்ணில் எதுவும் படாது. இன்னொன்று, குழுவில் சேர்ந்தாலே போன் நம்பர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பழைய தளத்தில் புனைபெயரில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிற ஒரு அக்கா, முகம் தெரியாத ஆயிரம் ஆண்களுக்கு நம்பரைக் கொடுத்துவிட்டா மஞ்சளில் கிழங்கு அழுகலுக்கு மருந்து கேட்பார்? அவர் சத்தமில்லாமல் விலகிவிடுவார், விலகியது யாருக்கும் தெரியவும் தெரியாது.

நிலையான இடம் வேண்டும் என்றால் கேள்வி பதில் தளம் நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை வைத்து நீங்களே ஒன்று தொடங்கலாம். சர்வர் வாடகை பெரிய சுமை இல்லை, அதைக் கவனிக்கும் ஆட்கள்தான் சுமை. உங்கள் பகுதியில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒழுங்காக நடந்தால் அதன் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். தனி ஒருவர் பெயரில் இருந்தால் அவருக்குச் சலிப்பு வரும் நாளில் மறுபடி இதே கதைதான். முதல் நாளே ஒரு விதியை எழுதி வையுங்கள்: மூடுவதானால் மூன்று மாதம் முன்பு சொல்ல வேண்டும், மொத்தப் பிரதியையும் உறுப்பினர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

இப்போதைக்கு, கிடைத்த பழைய முகவரிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதியோ செல்போனில் தட்டியோ எனக்கு அனுப்புங்கள் அண்ணா. எவை வேபேக் மெஷினில் இருக்கின்றன, எவற்றை நிறுவனத்திடம்தான் கேட்டு வாங்க வேண்டும் என்று பிரித்துத் தருகிறேன், கடிதத்தோடு அந்தப் பட்டியலையும் இணைத்துவிடலாம்.